ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடுவது எப்படி?

‘நியூஸ்’ என்ற சொல், நான்கு திசைகளின் ஆங்கிலப் பெயர்களுடைய முதல் எழுத்துகளைச் சேர்த்து உருவானது என்று பள்ளி நாள்களிலேயே பலரும் கேள்விப்பட்டிருப்போம். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. ‘நியூ’ என்ற சொல்லைப் பன்மையாக்கி, ‘புதியவை’ என்ற பொருளில் வழங்கியதுதான் ‘நியூஸ்’. பிரெஞ்சுக்காரர்கள் செய்திகளை ‘நூவெல்’, அதாவது புதியவை, என்று சொல்வதை ஒட்டி ஆங்கிலத்தில் அது நிலைத்தது. இதைத் தெரிந்துகொள்ள ஒரு நல்ல அகராதியைத் திறந்தால் போதும். ஆனாலும் திசைக் கதைதான் வகுப்பறைகளிலும் வாட்ஸ்ஆப் குழுக்களிலும் வலம் வருகிறது.

ஆங்கிலச் சொற்களின் பிறப்பை அறிய விரும்புபவருக்கு லத்தீனும் கிரேக்கமும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தேடும் முறை தெரிந்தால் போதும். மாணவர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், சும்மா ஆர்வத்தால் தேடுபவர்களுக்கும் அந்த முறையைப் படிப்படியாகச் சொல்ல முயல்கிறேன்.

முதல் படி: அகராதிப் பதிவைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி தொடக்கத்துக்கு ஏற்றது. விக்‌ஷனரியும் உதவும், ஆனால் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடியது என்பதை மனத்தில் வையுங்கள். கடைசித் தீர்ப்புக்குப் போக வேண்டிய இடம் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1857இல் எண்ணம் பிறந்து, 1884இல் முதல் பகுதி வெளியாகி, 1928இல்தான் முழுமை பெற்ற வேலை அது. தலைமைப் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே 1915இலேயே இறந்துவிட்டார். பழைய நூல்களைப் படித்து, ஒரு சொல் வரும் வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பிய ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களின் உழைப்பில் நிற்கிறது அந்த அகராதி. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஆண்டுவாரியாக மேற்கோள்கள் இருக்கும். கட்டணம் செலுத்திப் பார்க்க வேண்டியது என்பதால், அருகிலுள்ள பெரிய நூலகத்திலோ கல்லூரி நூலகத்திலோ கேட்டுப் பாருங்கள்.

‘விண்டோ’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பதிவில் நான்கு செய்திகள் இருக்கும். எந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் முதலில் தென்படுகிறது: ஏறத்தாழ 1200. எந்த மொழியிலிருந்து வந்தது: ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ். அங்கே வடிவம் என்ன: ‘விந்தௌகா’. அதன் உறுப்புகள் என்ன: ‘விந்தர்’ என்றால் காற்று, ‘ஔகா’ என்றால் கண். வீட்டுச் சுவரில் காற்றுக்காக விட்ட கண்தான் ஜன்னல். அதற்கு முன் ஆங்கிலேயர்கள் ‘கண் துளை’, ‘கண் கதவு’ என்ற பொருளில் வேறு சொற்களை வைத்திருந்தார்கள். அவை மறைந்துவிட்டன.

இங்கே நம் தமிழைப் பார்த்தால் ஒரு வியப்பு. சிலப்பதிகாரத்தில் ‘மான்கண் காலதர் மாளிகை’ என்று வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மானின் கண்போன்ற வடிவில் அமைந்த காற்று வழி. புகார் நகரத்தைப் பாடிய கவிஞரும் வடகடல் வைக்கிங்கும் ஒரே பொருளைக் கண்டு காற்றையும் கண்ணையும் நினைத்திருக்கிறார்கள். இரண்டு சொற்களுக்கும் உறவு எதுவும் இல்லை. எண்ணம் ஒத்துப்போவது வேறு, சொல் உறவாக இருப்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நாம் இன்று சொல்லும் ‘ஜன்னல்’ போர்த்துக்கீசிய ‘ஜனேலா’விலிருந்து வந்தது. அதன் பின்னால் போனால், கதவு என்ற பொருள் தரும் லத்தீன் ‘யானுவா’ இருக்கிறது. இடையில் ‘யானுவெல்லா’, அதாவது சிறு கதவு, என்று ஒரு வடிவத்தை அறிஞர்கள் வைக்கிறார்கள். அகராதியில் அந்த வடிவத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி நிற்கும். எந்த எழுத்துச் சான்றிலும் கிடைக்காத, ஆனால் இருந்திருக்க வேண்டும் என்று ஒப்பீட்டால் மீட்டெடுத்த வடிவம் என்பது அந்த நட்சத்திரத்தின் பொருள். புதியவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை. அதேபோல் ‘அநேகமாக’, ‘ஒருவேளை’, ‘மூலம் தெரியவில்லை’ என்ற பொருளில் பதிவில் வரும் சொற்களையும் தாண்டிப் போகாதீர்கள். நீங்கள் பிறருக்குச் சொல்லும்போது அந்த ‘ஒருவேளை’யையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இரண்டாம் படி: சொல் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று பாருங்கள்

5ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிள்களும் சாக்சன்களும் கொண்டுவந்த மொழிதான் பழைய ஆங்கிலம். 8ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வைக்கிங்குகள் வந்து குடியேறினார்கள். 1066இல் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாகப் புகுந்தன. மறுமலர்ச்சிக் காலத்தில் அறிஞர்கள் லத்தீனையும் கிரேக்கத்தையும் அள்ளி எடுத்தார்கள். அதன்பின் கப்பல் போன ஊரெல்லாம் சொல் கிடைத்தது.

உணவு மேசையில் இந்த அடுக்குகளைத் தெளிவாகப் பார்க்கலாம். விலங்கு உயிரோடு இருக்கும்போது பசு கௌ, ஆடு ஷீப், பன்றி ஸ்வைன், கன்று காஃப். இவை பழைய ஆங்கிலம். இறைச்சியாகும்போது பீஃப், மட்டன், போர்க், வீல். இவை பிரெஞ்சு. மேய்த்தவன் சாக்சன், தின்றவன் நார்மானியன் என்று விளக்குவது வழக்கம். அதில் உண்மை உண்டு, ஆனால் அது சொல்வதுபோல் ஒரே நாளில் பிரிந்த பிரிவினை அல்ல. பிரெஞ்சில் விலங்குக்கும் இறைச்சிக்கும் ஒரே சொல்தான். ஆங்கிலத்திலும் ‘பீஃப்’, ‘மட்டன்’ இரண்டும் நெடுங்காலம் உயிருள்ள விலங்கையும் குறித்தன. பல நூற்றாண்டுகளில் மெல்ல மெல்லத்தான் பொருள் பிரிந்தது.

அகராதியைத் திறக்கும் முன்பே அடுக்கை ஊகிக்கச் சில அடையாளங்கள் உண்டு. ‘ஸ்க்’ என்று தொடங்கும் எளிய அன்றாடச் சொற்கள் பல நோர்ஸ் மொழிக்குரியவை: ஸ்கை, ஸ்கின், ஸ்கில். பழைய ஆங்கிலத்தில் அந்த ஒலி ‘ஷ்’ ஆக மாறிவிட்டது. அதனால்தான் ஒரே வேரிலிருந்து ‘ஷர்ட்’ என்று ஆங்கில வடிவமும் ‘ஸ்கர்ட்’ என்று நோர்ஸ் வடிவமும் இன்று வெவ்வேறு உடைகளைக் குறிக்கின்றன. ‘ச்’ என்று வாசிக்கத் தோன்றும் எழுத்துகளை ‘க்’ என்று ஒலித்தால், கெமிஸ்ட்ரி, கோரஸ், ஸ்கூல் போல, பின்னால் பெரும்பாலும் கிரேக்கம் இருக்கும். ‘வார்டன்’, ‘கார்டியன்’ இரண்டும் ஒரே சொல்லின் இரு பிரெஞ்சு உச்சரிப்புகள்: ‘வ’ வடிவம் நார்மண்டிக்குரியது, ‘க’ வடிவம் பாரிஸ் பக்கத்தது.

எழுத்துக்கூட்டலை முழுவதும் நம்பிவிடவும் கூடாது. ‘ஐலண்ட்’ என்ற சொல்லில் ஒலிக்காத ‘எஸ்’ ஒன்று நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் அந்த எழுத்து கிடையாது. லத்தீன் வழி வந்த ‘ஐல்’ என்ற வேறு சொல்லோடு உறவு என்று தவறாக நினைத்த எழுத்தாளர்கள் பின்னாளில் அதை நுழைத்தார்கள். ‘டெட்’ என்னும் கடனில் ஒலிக்காமல் கிடக்கும் ‘பி’யும் அப்படித்தான். பிரெஞ்சிலிருந்து அது இல்லாமல் வந்த சொல்லுக்கு, லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் அறிஞர்கள் சேர்த்த எழுத்து.

மூன்றாம் படி: பொருள் நகர்ந்த பாதையைத் தொடருங்கள்

சொல்லின் மூலப்பொருள்தான் அதன் உண்மையான பொருள் என்று வாதிடுபவர்கள் உண்டு. அப்படியானால் யாரையும் ‘நைஸ்’ என்று சொல்ல முடியாது. லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். ‘நெ’ என்றால் ‘இல்லை’, ‘ஸ்கீரே’ என்றால் ‘அறிதல்’. பிரெஞ்சில் அது ‘முட்டாள்’ ஆகி, 1300 வாக்கில் அதே பொருளோடு ஆங்கிலத்துக்கு வந்தது. பிறகு, எதிலும் குறை காணும், எளிதில் மனம் நிறையாத ஆளைக் குறித்தது. அங்கிருந்து, நுணுக்கம் பார்ப்பவர் என்ற பொருளுக்கு வந்தது. நுணுக்கமானது என்றால் நேர்த்தியானது. நேர்த்தியானது இனிமையானது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்றைய ‘நைஸ்’ வந்து சேர்ந்தது. அறிதலைக் குறித்த அதே ‘ஸ்கீரே’தான் ‘சயின்ஸ்’ என்ற சொல்லுக்கும் அடி. அறிவியலும் அறியாமையும் ஒரு வேரில் பிறந்தவை.

நமக்கு இது புதிதல்ல. ‘நாற்றம்’ ஒருகாலத்தில் மணம். கண்ணனின் வாய் கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ என்று ஆண்டாள் வெண்சங்கிடம் கேட்கும்போது அவர் நறுமணத்தைத்தான் கேட்கிறார். தமிழ் படித்தவருக்கு இந்த ஒரு சொல்லே பொருள் மாற்றத்தைப் புரியவைத்துவிடும்.

ஆகவே மூலத்தையும் இன்றைய பொருளையும் மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். நடுவில் உள்ள ஒவ்வொரு படியையும் எழுதுங்கள். இடைப்படி இல்லாமல் ‘முட்டாள் என்பதுதான் நைஸ் ஆனது’ என்று சொன்னால் அது வேடிக்கைச் செய்தியாக நின்றுவிடும். பொருள் விரிவதும் உண்டு, சுருங்குவதும் உண்டு. ‘மீட்’ பழைய ஆங்கிலத்தில் எல்லா உணவுக்கும் பொதுப்பெயர், இன்று இறைச்சி மட்டும். ‘டியர்’ எந்த விலங்கையும் குறித்தது, இன்று மான் மட்டும். ‘கேர்ள்’ இடைக்கால ஆங்கிலத்தில் ஆண் பெண் இரு பாலிலும் சிறு வயதினரைக் குறித்தது.

நான்காம் படி: ஒலி ஒற்றுமையைச் சோதியுங்கள்

தமிழர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ‘எய்ட்’ என்பது நம் ‘எட்டு’ என்று ஆர்வத்தோடு சொல்கிறார்கள். எண் ஒன்று, ஒலி ஒன்று, அப்புறம் என்ன ஐயம்?

இரண்டையும் பின்னோக்கி நடத்திப் பார்ப்போம். ‘எய்ட்’ என்பதன் ஆங்கில எழுத்துக்கூட்டலில் நடுவே ஒலிக்காத இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. அவை ஒருகாலத்தில் தொண்டையிலிருந்து எழும் ஒலியாக இருந்தன. பழைய ஆங்கில வடிவம் ‘ஏஅஹ்தா’. ஜெர்மனில் இன்றும் அந்த ஒலி இருக்கிறது: ‘ஆஹ்ட்’. லத்தீனில் ‘ஒக்தோ’. பழைய ரோம நாள்காட்டியில் எட்டாவது மாதம் என்பதால்தான் அக்டோபர். சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. பின்னால் போகப் போக ‘ஒக்’ என்ற ஒலி தெளிவாகிறது.

இப்போது ‘எட்டு’. எண்பது, எண்ணூறு, எண்திசை என்ற சொற்களைப் பாருங்கள். உள்ளே இருப்பது ‘எண்’. கன்னடத்தில் ‘எண்டு’, தெலுங்கில் ‘எனிமிதி’. இந்தச் சொல் பின்னால் போகப் போக மூக்கொலியை நோக்கிப் போகிறது. உறவுள்ள சொற்கள் காலத்தில் பின்னே செல்லச் செல்ல நெருங்க வேண்டும். இவை விலகுகின்றன. இன்று ஒரே இடத்தில் வந்து நிற்பது தற்செயல்.

‘ஒன்று’, ‘ஒன்’ இரண்டையும் இதேபோல் சோதிக்கலாம். ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் ‘ஆன்’. இன்றைய உச்சரிப்பில் முன்னால் கேட்கும் ‘வ’ ஒலி பிற்காலத்தில் வந்து ஒட்டியது. ‘ஒன்லி’, ‘அலோன்’ என்ற சொற்களில் அந்த ‘வ’ இல்லாத பழைய ஒலி இன்னும் தங்கியிருக்கிறது.

ஒலி மாற்றம் மனம்போன போக்கில் நடப்பதில்லை. 1822இல் ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோபு கிரிம் வகுத்துக் காட்டிய விதி ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதித் தொலைவு கடந்துவிடலாம். லத்தீனில் ‘ப’ வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஃப’ வரும்: பாத்தெர் – ஃபாதர், பிஸ்கிஸ் – ஃபிஷ். ‘க’ வரும் இடத்தில் ‘ஹ’ வரும்: கோர்னு – ஹார்ன், கென்தும் – ஹண்ட்ரட், கானிஸ் – ஹவுண்ட். இது தாய்வழிச் சொத்தாக வந்த சொற்களுக்கான விதி. பின்னாளில் லத்தீனிலிருந்து நேரே கடன் வாங்கிய பட்டர்னல், கேனைன், சென்ட் முதலியவை மாறாமல் ‘ப’வோடும், லத்தீனில் ‘க’வைக் குறித்த ‘சி’ எழுத்தோடும் நிற்கும்.

இந்த விதி எவ்வளவு கூர்மையானது என்று பாருங்கள். லத்தீனில் ‘ஹாபேரே’ என்றால் வைத்திருத்தல். ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ என்றாலும் அதுதான். ஒலியும் பொருளும் அப்படியே பொருந்துகின்றன. ஆயினும் உறவில்லை. ஆங்கில ‘ஹ’வுக்கு லத்தீனில் ‘க’ அல்லவா இருக்க வேண்டும்? ‘ஹேவ்’ என்பதன் உண்மையான உறவு, பற்றுதல் என்ற பொருள் தரும் ‘கபேரே’. ‘கேப்சர்’ என்ற சொல் வந்தது அதிலிருந்துதான். கண்ணுக்கு ஒத்திருப்பதை விட்டுவிட்டு, விதிக்கு ஒத்துவருவதை எடுக்கும் பழக்கம் இந்தத் துறையில் முதலில் வர வேண்டியது.

ஐந்தாம் படி: கதை கேட்டால் சான்று கேளுங்கள்

முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் உண்டாக்கும் பழக்கம் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுக்குரியது. அதற்கு முந்தைய சொல்லுக்கு அப்படி ஒரு விளக்கம் சொன்னால் உடனே ஐயப்படுங்கள். ‘கோல்ஃப்’ என்பது ‘ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு அனுமதியில்லை’ என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம் என்பார்கள். ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அந்த விளையாட்டைத் தடைசெய்த 1457ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே சொல் இருக்கிறது. அந்தக் காலத்தில் யார் இப்படிச் சுருக்கினார்கள்?

ஆடம்பரமான என்ற பொருள் தரும் ‘பாஷ்’ என்ற சொல்லின் கதை நம் நாட்டோடு தொடர்புடையது. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வரும் கப்பலில் வெயில் படாமல் இருக்க, வரும்போது இடப்பக்க அறையும் திரும்பும்போது வலப்பக்க அறையும் பணக்காரர்கள் கேட்டு வாங்குவார்களாம். ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’ என்று டிக்கெட்டில் குறிப்பார்களாம். அப்படிக் குறித்த ஒரு டிக்கெட்டுகூட இதுவரை கிடைக்கவில்லை. சொல்லின் மூலம் உறுதியாகவில்லை என்றுதான் நல்ல அகராதிகள் சொல்கின்றன.

சில கதைகளில் பாதி உண்மை இருக்கும். அவற்றைப் பிரித்தெடுப்பதுதான் கடினம். ‘சாலரி’ லத்தீன் ‘சலாரியும்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கும் உப்பைக் குறிக்கும் ‘சால்’ என்ற சொல்லுக்கும் தொடர்பு உண்டு. இதுவரை சரி. ரோமப் படைவீரர்களுக்கு உப்பையே கூலியாக அளந்து கொடுத்தார்கள் என்பதற்குப் பழைய ரோம எழுத்துகளில் சான்று இல்லை. நம் ‘சம்பளம்’ என்ற சொல்லுக்கும் சம்பா நெல், உப்பளம் என்று இதேபோன்ற விளக்கம் ஒன்று வழங்குகிறது. அதையும் இதே கேள்விகளோடு அணுகுங்கள்: முதல் எழுத்துச் சான்று எது, எந்த ஆண்டு, கதை முதலில் எப்போது அச்சேறியது?

ஆறாம் படி: நம் ஊரிலிருந்து போன சொற்கள்

கட்டுமரம், மிளகுத்தண்ணீர், சுருட்டு ஆகியவை ‘கேட்டமரான்’, ‘மல்லிகட்டானி’, ‘செரூட்’ என்று ஆங்கிலம் ஏறியதில் ஐயமே இல்லை. சோழமண்டலக் கரையில் கட்டுமரத்தைப் பார்த்து எழுதிய வில்லியம் டாம்பியரின் பயண நூல் 1697இல் வெளியானது. இன்று ‘கேட்டமரான்’ என்றால் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு. சொல் தமிழ், பொருள் மாறிவிட்டது. ‘மேங்கோ’ விஷயத்தில் தமிழ் ‘மாங்காய்’ மலாய் வழியாகப் போயிற்று என்று சில அகராதிகளும், மலையாள ‘மாங்ங’ என்று சிலவும் சொல்கின்றன. இடையில் போர்த்துக்கீசியம் இருந்தது என்பதில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். ‘பரையா’ என்ற சொல் மட்டும் எனக்கு வேதனை தருவது. ஒரு சமூகத்தின் பெயரை, ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆங்கிலம் இன்றும் பயன்படுத்துகிறது. பிறப்பு தெரிந்தவர்கள் அதை எழுதாமல் இருப்பதே முறை.

‘கேஷ்’ என்பது நம் ‘காசு’தானா? அகராதியில் அந்தத் தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் எண்கள் இருப்பதைக் கவனியுங்கள். அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ரொக்கம் என்ற பொருள் கொண்டது, பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு ‘கேஸ்’, இத்தாலிய ‘காஸா’ என்பவற்றின் வழி வந்தது. ஆங்கிலத்தில் முதலில் பணப்பெட்டியையே குறித்தது. லத்தீன் ‘கப்சா’ இதன் அடி. ‘கேப்சூல்’ இதற்குத் தங்கை. மற்றொரு ‘கேஷ்’ தென்னிந்தியாவிலும் சீனாவிலும் வழங்கிய சிறு நாணயத்தின் பெயர். இதுதான் நம் ‘காசு’, போர்த்துக்கீசியர் வாயில் ‘காய்ஷா’ ஆகிப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆகவே ‘கேஷ் தமிழ்ச்சொல்’ என்பதும் ‘இல்லை’ என்பதும் எந்தக் ‘கேஷ்’ என்று கேட்காதவரை இரண்டுமே அரைகுறைப் பதில்கள்.

இந்தப் பகுதிக்கு, இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர்கள் வழங்கிய சொற்களைத் தொகுத்து 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அவசியம். அதன் ஆசிரியர்களில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நூல் வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். நூலின் பெயரே ஒரு பாடம்: முகரம் ஊர்வலத்தில் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்று எழுந்த குரல் ஆங்கிலச் சிப்பாய்களின் காதில் விழுந்த விதம் அது. அந்நூல் தரும் பழைய மேற்கோள்கள் பொன். வேர் விளக்கங்கள் பழையவை என்பதால், திராவிடச் சொற்களுக்கு பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.

ஏழாம் படி: எழுதி வையுங்கள்

ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். மேலே இன்றைய பொருள். அதன் கீழே ஆங்கிலத்தில் முதல் பதிவு எந்தக் காலம், அப்போது என்ன பொருள். பிறகு வந்த வழி, மொழி மொழியாக. பிறகு ஆங்கிலத்திலேயே உள்ள உறவுச் சொற்கள். கடைசியில், எந்த அகராதியில் பார்த்தீர்கள், அது உறுதியாகச் சொல்கிறதா, ஐயத்தோடு சொல்கிறதா. குறைந்தது இரண்டு அகராதிகளைப் பார்க்காமல் பக்கத்தை முடிக்க வேண்டாம். இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள்.

தொடக்கத்துக்குக் கடினமான சொற்கள் வேண்டாம். பிரேக்ஃபாஸ்ட், குட்பை, டெய்சி, குவாரன்டீன், க்ளூ ஆகியவற்றை எடுங்கள். பாதை தெளிவாக இருக்கும், சான்றும் நிறைய உண்டு. அவை முடிந்ததும் ‘கம்பேனியன்’, ‘லார்டு’ இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் எழுதுங்கள். இரண்டிலும் ரொட்டி ஒளிந்திருக்கிறது. ஒன்றில் இருப்பது லத்தீன் ரொட்டி, மற்றதில் பழைய ஆங்கில ரொட்டி. ரயிலில் ‘பேன்ட்ரி கார்’ என்கிறோமே, அது எந்த ரொட்டியைச் சேர்ந்தது என்று அந்தப் பக்கங்களை வைத்தே உங்களால் சொல்ல முடியும்.